றேமண்டின் தமிழ் இருந்த இடம்

என் வேலை படம் காட்டுவது.

மூளையில் கட்டி உள்ள சிலருக்கு, சத்திரசிகிச்சையின் நடுவில் மயக்கத்தைத் தெளிவித்துக் கதைக்க வைப்பார்கள். மூளைக்கு வலி தெரியாது. மருத்துவர் கட்டியைச் சுற்றியுள்ள இடங்களை மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வொன்றாகத் தொடுவார். அந்த நேரம் நோயாளி ஒரு படத்தின் பெயரைச் சொல்ல முடியாமல் திணறினால், அங்கே மொழி இருக்கிறது. அந்த இடத்தை வெட்டமாட்டார்கள். படங்களைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவள் நான்.

பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்வதும் இதைத்தான். இரண்டு மூன்று மொழி பேசுகிறவர்களின் மூளையில் அந்த மொழிகள் எப்படிக் குடியிருக்கின்றன என்று பார்ப்பது. கொழும்பில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனைக்கு மரக்கறி வாங்கப் போனாலே போதும். "வாய் திறக்கக் கூச்சப்படுற பிள்ளை, கதைக்கிறதைப் பற்றிப் படிக்குதாம்" என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கோபம் வருவதில்லை. கதைப்பதைவிடக் கேட்பது எனக்குப் பிடிக்கும். இந்தத் துறையில் அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

றேமண்ட் பெர்னாண்டோவை நான் முதலில் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலையில், வார்ட்டில். கொட்டாஞ்சேனைக்காரர். ஐம்பது கடந்தவர். துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க். வியாபாரிகளின் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. வேலைக்குப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். ஸ்கான் செய்தபோது மூளையின் இடது பக்கத்தில் கட்டி இருந்தது. செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை. மொழி என்ற இடத்தில் சிங்களம், ஆங்கிலம் என்று வார்ட்டில் குறித்திருந்தார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன்பு எல்லாப் படங்களையும் ஒருமுறை காட்டிப் பார்க்க வேண்டும். சுகமாக இருக்கும்போதே சொல்ல வராத படத்தை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்தக் காலை முழுவதும் நாங்கள் சிங்களத்தில் வேலை செய்தோம். நல்ல பகிடிக்காரர். ஆட்டின் படத்தைக் காட்டினால் "எங்கள் சுங்க அதிகாரி ஒருவரைப் போல இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார். நானும் சிரித்தேன்.

மதியம் அவருடைய மனைவி ஜீவராணி சாப்பாட்டுப் பையோடு வந்தார்.

"இஞ்சேருங்கோ, சோறு ஆறிப்போச்சு. பஸ்ஸே இல்ல."

"அந்தக் கதிரையில வையும். மிஸ் டெஸ்ட் ஒண்டு செய்யிறா."

நான் படத்தை மடியில் கவிழ்த்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நீங்க தமிழா?"

"மிஸ் தமிழா?"

"ஓம்."

ஜீவராணி பையைக் கீழே வைக்காமலே எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப காலமையில இருந்து ரெண்டு பேரும் என்ன பாஷையில கதைச்சனீங்க?"

"சிங்களத்தில," என்றேன்.

"இடைக்கிட இங்கிலீசிலயும்," என்றார் றேமண்ட்.

"நல்ல கெட்டிக்காரர் ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டு ஜீவராணி சோற்றுப் பெட்டியைத் திறந்தார்.

கொழும்பில் இது நடக்கிற விசயம்தான். வெள்ளைக் கோட்டைக் கண்டால், காக்கியைக் கண்டால், கவுண்டருக்குப் பின்னால் ஒரு முகத்தைக் கண்டால் எங்கள் வாய் தானாகவே சிங்களத்துக்கு மாறிவிடும். யாரும் மாற்றச் சொல்வதில்லை. பெர்னாண்டோ என்ற பெயர் தமிழர், சிங்களவர் இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர் வார்ட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரோடும் நல்ல சிங்களத்தில் கதைத்திருக்கிறார். அவர்களும் அப்படியே எழுதிவிட்டார்கள். இரண்டு மொழி மூளையைப் படிக்கிற நானும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மூவரும் சிரித்து முடிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இரண்டு மொழிகளும் பெரும்பாலும் மூளையில் ஒரே இடங்களைத்தான் பாவிக்கும். ஆனால் சில புள்ளிகள் ஒரு மொழிக்கு மட்டும் உரியவையாக இருக்கும். அவை எங்கே என்று ஆளுக்கு ஆள் மாறும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் சோதித்து வெட்டினால், தமிழுக்கு வேண்டிய ஓர் இடம் போய்விடலாம். யாருக்கும் தெரியாமலே போய்விடலாம்.

இதை அவர்களுக்கு விளங்கப்படுத்தினேன். தமிழிலும் சோதிக்க வேண்டும், மருத்துவரிடம் கேட்கப் போகிறேன் என்றேன். றேமண்ட் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வேண்டாம் மகள். டொக்டருக்கு ஏன் கரைச்சல்? சிங்களம் இருந்தா காணும். எனக்குச் சோறு போடுறது அதுதானே."

"அங்கிள், வீட்டில என்ன கதைப்பீங்க?"

"வீட்டில என்ன, ஒரு மாதிரிச் சமாளிக்கலாம்."

ஜீவராணி பெட்டியை மூடினார். அவர் மன்னார்ப் பக்கம். கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவருக்குச் சிங்களம் பாண் வாங்குகிற அளவுக்குத்தான்.

"எப்பிடிச் சமாளிக்கிறது?" என்றார். "எனக்குச் சிங்களத்தில கோவிக்கத் தெரியாது."

றேமண்ட் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நான் முப்பது வருசமா உங்களோட கதைக்கிறன். தியேட்டரில இருந்து வேற ஆள் வந்தா நான் ஆரோட கதைக்கிறது?"

அவர் சோற்றுப் பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு, "டொக்டரிட்ட கேளுங்க மகள்," என்றார்.

சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் ஹேவகே வேகமாக நடக்கிறவர், அதைவிட வேகமாகக் கதைக்கிறவர். அவரிடம் சொல்ல வேண்டியதை நான் வழக்கமாகத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அன்று லிஃப்ட் வாசலில் நின்றேன். அவர் வெளியே வந்தபோது, நோயாளி தமிழர், எனக்கு இப்போதுதான் தெரியும், தமிழிலும் சோதிக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லவேளை, இன்றைக்குத் தெரிந்தது," என்றார். "ஆனால் எனக்குத் தமிழ் தெரியாது. அவர் சொல்வது சரியா பிழையா என்று நீதான் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டும். தியேட்டரில் மெல்லக் கதைக்கிறவர்களின் குரல் எனக்குக் கேட்பதில்லை."

ஞாயிறும் திங்களும் நாங்கள் தமிழ்ப் படங்களைப் பழகினோம். குடை, மேசை போன்றவற்றை எடுத்துவிட்டேன். இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே சொல், எந்த மொழியில் சொன்னார் என்று தெரியாது. பூட்டின் திறப்பு, கதிரை, காகம், சீப்பு, தேங்காய் மிஞ்சின.

இன்னொன்றும் செய்தேன். அவருடைய தொழிலே மாறி மாறிக் கதைப்பதுதான். ஒரு காதில் தமிழில் புறக்கோட்டை வியாபாரி பலீல் ஹாஜியார், மற்றக் காதில் சிங்களத்தில் சுங்க அதிகாரி. ஆகவே சொல்லை மட்டும் சோதித்தால் போதாது, மாறுவதையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு சின்ன அடையாளம் வைத்தேன். சுங்க அதிகாரியின் தொப்பி இருந்தால் சிங்களத்தில் சொல்ல வேண்டும். ஜீவராணியின் முகம் இருந்தால் தமிழில்.

அந்த முகத்துக்கு என் ஃபோனில் படம் எடுத்தபோது ஜீவராணி தலையை வாரிக்கொண்டு வந்தார்.

"என்ட மூஞ்சையப் பார்க்கிறது இவர்ட மூளைக்கு நல்லதோ?"

"இவ்வளவு காலம் பார்த்து வந்த கட்டிதானே," என்றார் றேமண்ட். ஜீவராணி சீப்பால் அவருடைய தோளில் ஒன்று போட்டார்.

பழகும்போது ஒரு சிக்கல் தெரிந்தது. நான் என் சாதாரணச் சட்டையில் இருந்தால் ஜீவராணியின் முகத்தைப் பார்த்ததும் "இது திறப்பு" என்பார். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு காட்டினால் சில நேரம் அதே முகத்துக்கு "மே யதுரக்" என்று சிங்களத்தில் வந்துவிடும். பிறகு நாக்கைக் கடிப்பார். "மன்னியுங்க மகள். கோட்டைக் கண்டா வாய் சொல்லுக் கேக்குதில்ல."

இரண்டு நாளில் இந்தப் பழக்கத்தை அழிக்க முடியாது. நான் அதைக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஜீவராணி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனார். எப்படியும் செவ்வாய்களில் போகிறவர்தான். நான் தியேட்டருக்குப் போனேன்.

பச்சைத் துணியை ஒரு கூடாரம்போலக் கட்டியிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் டொக்டரும் திறந்த மண்டையோடும். இந்தப் பக்கம் றேமண்டின் முகமும் நானும். அவருக்குத் தெரிந்தது முகமூடிக்கு மேலே என் கண்கள் மட்டும்.

"மகளா?" என்றார்.

"நான்தான் அங்கிள்."

சிங்களம் முதலில். தொப்பிப் படங்களை ஒன்றொன்றாகக் காட்டினேன். ஓர் இடத்தில் "மே..." என்று நின்றுவிட்டார். நான் "நின்றுவிட்டார்" என்றேன். டொக்டர் அங்கே இலக்கம் எழுதிய ஒரு சின்னச் சீட்டை வைத்தார். அது மொழி இருக்கும் இடம். பிறகு தமிழ். திறப்பு, கதிரை, தேங்காய். எல்லாம் நன்றாகப் போனது. பிறகு ஜீவராணியின் முகத்தோடு காகத்தின் படத்தைக் காட்டினேன்.

"மே கபுட்டெக்," என்றார்.

"டொக்டர், மாறிவிட்டார்."

"நின்றுவிட்டாரா?"

"இல்லை. காகம் என்று சரியாகச் சொன்னார். சிங்களத்தில் சொன்னார்."

துணிக்கு அந்தப் பக்கம் டொக்டர் கருவியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"இவர் எங்களோடு எப்போதும் சிங்களத்தில்தானே கதைக்கிறார்? பழக்கத்தில் சொல்லியிருக்கலாம் அல்லவா?"

"சொல்லியிருக்கலாம்."

"இந்தப் புள்ளிக்குக் கீழே கட்டி இருக்கிறது. எடுக்க விரும்புகிறேன். விட்டால் பிறகு வளரலாம். எடுத்தால் இவருடைய மொழி மாறுகிற கட்டுப்பாடு போகலாம். பழக்கமா, மூளையா? நீ சொல்லு."

கட்டியில் ஒரு துண்டை விடுவதா, மனைவியோடு கதைக்கிற மொழியைப் பணயம் வைப்பதா என்பது என் வாயில் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டுக்கே மாறுகிற மனிதர் அவர். இங்கே எல்லோரும் முகமூடி, கையுறை, தொப்பி. ஆஸ்பத்திரியின் நடுவில் படுத்திருக்கிறார். மின்சாரமே இல்லாமலும் சிங்களத்தில் சொல்லியிருக்கக்கூடும். சொல்லாமலும் இருந்திருக்கக்கூடும். படங்களால் இதற்குப் பதில் வராது.

அவர் ஆஸ்பத்திரியில் இருப்பதை மறக்க வேண்டும். அவருடைய வாய் வீட்டுக்குப் போக வேண்டும்.

"டொக்டர், நான் அவரோடு தமிழில் சண்டை பிடிக்கப் போகிறேன்," என்றேன். "நீங்கள் அந்தப் புள்ளியை விரும்பிய நேரம் தொடுங்கள். எப்போது தொடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியக் கூடாது. அவர் சிங்களத்துக்கு மாறினால் நான் துணிக்கு மேலே கையை உயர்த்துவேன்."

என் குரல் தியேட்டர் முழுவதும் கேட்டது. றேமண்டுக்கும் கேட்டிருக்கும்; சண்டை சூடாகினால் மறந்துவிடுவார். மயக்க மருந்து மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி," என்றார் டொக்டர் ஹேவகே.

ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி என்னிடம் நிறையக் குறை சொல்லியிருந்தார். அதில் ஒன்றை எடுத்தேன்.

"அங்கிள், பேலியகொடை மீன் சந்தையில கடைசியா என்ன மீன் வாங்கினீங்க?"

"பாரை." அவருடைய கண் கொஞ்சம் விரிந்தது. "ஆர் சொன்னது? அவவா?"

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏன் அவ்வளவு பெரிய மீன்? குசினி முழுக்கச் செதில். பிரிட்ஜில இடமில்ல. ஆர் வெட்டுறது? நீங்களா?"

"நான் ஏன் வெட்டோணும்? அங்க வெட்டித் தருவாங்க தானே. அவக்குத்தான் பிடிக்காது. தன்ட கையால வெட்டோணுமாம்."

"பொய்! நீங்க முழு மீனைத் தூக்கிக்கொண்டு ரோட்டால நடந்து வாறது நாலு பேர் பார்க்கத்தான் எண்டு அன்ரி சொன்னா."

"அடக் கடவுளே! அந்தோனியார் சத்தியமா இல்ல மகள். சின்ன மீன் வாங்கினா லொக்கு மாளு வகே ரச நே, ஏக்க..."

கையை உயர்த்தினேன். அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"...ருசி இல்ல. முள்ளு மட்டும்தான்," என்று முடித்தார்.

"அன்ரிக்குக் கை வலிக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஏன் தெரியாது? நான்தானே எண்ணெய் பூசி விடுறது. அதை உங்களுக்குச் சொன்னவவா?"

"இல்ல."

"சொல்லமாட்டா. குறை மட்டும்தான் சொல்லுவா. மம ஹெமதாம..."

கை உயர்ந்தது. துணிக்குப் பின்னால் ஒரு தாதி சிரிப்பை அடக்குவது கேட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சண்டை என்று விளங்கியிருக்கிறது. நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். வீட்டில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. அவரும் விடவில்லை. ஜீவராணி கறியில் புளி கூடப் போடுவது, வாசற்கதவைப் பூட்ட மறப்பது, பக்கத்து வீட்டுக்காரரிடம் தன்னைப் பற்றிச் சொல்வது, எல்லாம் தமிழில் வந்தன. ஓடுகிற பேச்சு இடையில் சிங்களமாகும், கொஞ்சத்தில் திரும்பும். ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தினேன்.

"போதும்," என்றார் டொக்டர்.

நான் மூச்சு வாங்கினேன்.

"நான் தொட்ட ஒவ்வொரு முறையும் நீ கையை உயர்த்தினாய். தொடாதபோது ஒரு தடவையும் உயர்த்தவில்லை."

"அப்படியென்றால் அது பழக்கமில்லை, டொக்டர்."

"இல்லை." தாதியிடம் இன்னொரு இலக்கச் சீட்டைக் கேட்டு வாங்கினார். "அந்தத் துண்டை விடுகிறேன்."

றேமண்ட் கண்ணை மூடிக்கொண்டு, "மகள், நீங்க ஆர்ட பக்கம்?" என்றார்.

"அன்ரிட பக்கம்."

"தெரியும்," என்றார்.

அடுத்த சில நாட்கள் அவர் எந்த மொழியிலும் அதிகம் கதைக்கவில்லை. வீக்கம் வற்றும்வரை அப்படித்தான் இருக்கும் என்று டொக்டர் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்தும் வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதை ஓரமாகப் பின்னேரங்களில் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு ஒரு காலையில் ஜீவராணியின் அழைப்பு வந்தது.

"மகள், மனுசன் கதைக்கத் தொடங்கிட்டார். இப்ப நிப்பாட்டுறதுக்கு என்ன செய்யிறது?"

நான் ஃபோனை வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கட்டி மெதுவாக வளர்கிற வகை என்று வந்தது. விட்ட துண்டுக்கு இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்கான் செய்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். நான் அவர்களிடம் போய், அந்தத் துண்டு என் கை உயர்ந்ததால் விடப்பட்டது என்று சொன்னேன். டொக்டர் முன்பே சொல்லிவிட்டாராம்.

"அது கிடக்கட்டும் மகள்," என்றார் றேமண்ட். "வாடகைக்கு ஒரு ஆள் இருக்கிற மாதிரி. சத்தம் போடாம இருந்தா நானும் எழும்பச் சொல்லமாட்டன்."

அவர் வேலைக்குத் திரும்பிச் சில மாதங்களுக்குப் பிறகு முதல் ஸ்கான் வந்தது. கிளினிக்குக்கு என்னையும் வரச் சொன்னார்கள். டொக்டர் ஹேவகே பழைய படத்தையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். நாங்கள் மூவரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வளரவில்லை," என்றார். "அப்படியே இருக்கிறது."

நான் சொல்வதற்கு முன்பே ஜீவராணிக்கு என் முகத்தைப் பார்த்து விளங்கிவிட்டது. அவர் திரைக்குக் கிட்டப் போனார். எந்த இடம் என்று கேட்டார். காட்டினேன். சின்ன வெள்ளைப் புள்ளி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டொக்டரின் பக்கம் திரும்பி, தமிழில் கதைக்கத் தொடங்கினார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனேன்.

தன் புருசனை முழுதாகத் திருப்பித் தந்ததற்கு நன்றி. துண்டை விட்டதற்கு நன்றி. அதை விடுவதற்குப் பயமாக இருந்திருக்கும், அந்தப் பயத்தோடும் விட்டதற்கு நன்றி. தான் அன்று கோயிலில் மெழுகுதிரி ஏற்றியது டொக்டரின் கைக்காகத்தான். இனி ஒவ்வொரு செவ்வாயும் ஏற்றுவார்.

பிறகு என் பக்கம் கையைக் காட்டி அவர் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அது என்னைப் பற்றியது. "எல்லோருக்கும் நன்றி சொல்கிறார்," என்று சிங்களத்தில் சொல்லி முடித்தேன்.

"மகள்," என்றார் றேமண்ட் தமிழில், "அவ அவ்வளவு சொன்னா, நீங்க இவ்வளவுதான் சொன்னீங்க. சரக்கு குறையுது."

பிறகு டொக்டர் ஹேவகேயின் பக்கம் திரும்பி, அவருக்கே உரிய அந்தத் துறைமுகச் சிங்களத்தில், நான் விட்டதை ஒரு வசனம் குறையாமல் சொன்னார். இந்தப் பிள்ளைக்குச் சத்தமே வராது என்று நினைத்தேன், சத்தம் எங்களுக்காக வந்தது, எங்கள் வீட்டில் இப்போது நடக்கிற ஒவ்வொரு சண்டையும் இவர் தந்தது என்று என் மனைவி சொல்கிறாள்.

ஜீவராணி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "என்ன, சரியாச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"ஓம், கூட்டியும் சொல்லல்ல, குறைச்சும் சொல்லல்ல," என்றார் அவர், தமிழில்.